கால் தேக்கரண்டி

ஒன்பதாவது கிலோமீட்டரில்
வலது குதிகால் ஏதோ முணுமுணுத்தது.
காலாங் ஆற்றோரம், ஞாயிறு, விடிய இன்னும் நேரமிருந்தது,
காற்று பிழியாத துணியாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.
கேட்காததுபோல் ஓடினேன்.
பன்னிரண்டில் அது கத்தியது.
பதினான்கில், பீஷான் பூங்கா பெஞ்சில்
காலுறையை உருவினேன்:
ஐம்பது காசு அகலத்தில்
நீர் கோத்து, பளபளத்து,
தோலுக்குள் யாரோ
குட்டி மீன்தொட்டி வைத்து மூடியதுபோல.

ரோஸ்னா குனிந்து பார்த்தாள்.
"சூடு தெரிஞ்சப்பவே நின்னிருக்கணும்லா."
அவள் கால்விரல்களுக்கு வாசலைன் பூசுவாள்,
ரொட்டிக்குக் காயா தடவுவதுபோல, ஓரம் விடாமல்.
ஒன்றரை வருடமாகப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.
அன்று சிரிக்கவில்லை.

செருப்புக் கடி என்கிறோம்.
பாவம், செருப்பு.
கடித்தது
வியர்வையில் ஊறிய பருத்திக் காலுறையின்
ஒரு மடிப்பு.
ஒரே இடத்தில், ஆயிரமாயிரம் முறை,
மேலே நூலளவு, கீழே நூலளவு.
பல் இல்லாததற்கும் கடிக்க வரும்,
பொறுமை இருந்தால்.

திங்கட்கிழமை, தோ பாயோ, டயாலிசிஸ் மையம்.
மதியத்துக்குள் ஆறு கைகள், பன்னிரண்டு ஊசிகள்.
பதினோரு வருடமாக இதுதான் வேலை.
ஊசி போகும் நொடியில்
அவர்கள் கூரையைப் பார்ப்பார்கள்,
நான் நரம்பைப் பார்ப்பேன்.

மூன்றாம் படுக்கை ஃபைருல்.
முப்பத்தொரு வயது, சாப்பாடு கொண்டுபோகும் சைக்கிள்காரன்.
எடைமேடையில் இரண்டு கிலோ எண்ணூறு கூடுதல்,
அத்தனையும் குடித்த நீர்.
வெயிலில் மிதிப்பவனிடம்
நாளுக்கு இத்தனை டம்ளர்தான் என்று சொல்வதும்
என் வேலையில் சேர்த்தி.
நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டான்.
"கால்ல என்ன, சிஸ்டர்?"
"தண்ணி."
"எவ்வளவு எடுக்கணும்?"
"கால் தேக்கரண்டி இருக்கும்."
நாங்கள் பேசியது மலாய்.
கால் என்ற சொல்லுக்குள் இருந்த வேடிக்கை
எனக்கு மட்டும் கேட்டது.
அவன் வேறெதற்கோ சிரித்தான்,
பிறகு சிரிப்பை நிறுத்தினான்.
சிவந்த குழாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

இரவு, செங்காங், பதினோராம் மாடி.
வலிக்காத சின்னக் கொப்புளமென்றால்
மூடி வைத்து மறந்திருப்பேன்.
இது நிற்கவே விடவில்லை.
(சர்க்கரை உள்ளவர்களிடம் நானே சொல்வேன்:
தொடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.)
கையைக் கழுவி, காலைக் கழுவி,
மருந்துக்கடையில் வாங்கிய ஊசியின் உறையைப் பிரித்தேன்.
மையத்து ஊசிகளுக்குக் கணக்கு உண்டு.
காலையில் பன்னிரண்டு முறை நடுங்காத கை
குதிகாலுக்கு அரை அங்குலம் முன்னால்
நின்றுவிட்டது.

அவர்கள் ஏன் கூரையைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

ஓரத்தில் ஒரு துளை, பக்கத்தில் இன்னொன்று.
பஞ்சுத்துணியால் மெல்ல அழுத்த
தெளிந்த நீர், நிறமில்லை, வாசமில்லை.
இடித்த இடத்துக்கு
உடம்பு தானாகத் தைத்துக்கொண்ட தலையணை அது.
தலையணை தட்டையாகிவிட்டது.
உறையை உரிக்கவில்லை,
உரிக்கத் துடித்தது விரல்,
உரித்தால் அடியிலிருப்பது பச்சை.
களிம்பு, கட்டு, விளக்கை அணைத்தேன்.

அடுத்த ஞாயிறு
புதுக் காலுறை, ஈரம் தங்காத வகை.
குதிகாலில் சுருக்கமில்லாமல் ஒட்டிய டேப்.
இதுவரை அலங்காரமென்று நினைத்திருந்த
அந்தக் கடைசித் துளையிலும் கயிற்றைக் கோத்து
கணுக்காலோடு இறுக்கினேன்.
வாசலைனும். ரோஸ்னா ஒன்றும் சொல்லவில்லை,
டப்பாவை நீட்டினாள், அவ்வளவுதான்.

எட்டாவது கிலோமீட்டரில் லேசாகச் சூடு.
வலி இல்லை, வலியின் முகவரி மட்டும்.
நின்றேன்.
பள்ளிக்கூடப் பையன்கள் நான்கு பேர் தாண்டிப் போனார்கள்,
ஒரு நாய் தாண்டிப் போனது,
நாயை இழுத்துக்கொண்டு நாயின் சொந்தக்காரரும்.

திங்கட்கிழமை ஃபைருல் எடைமேடையில் ஏறினான்.
இரண்டு கிலோ நூறு.
எண்ணை நான் எழுதும்போது கேட்டான்:
"எத்தனை கிலோமீட்டர்?"
"எட்டு. நின்னுட்டேன்."
கையை நீட்டினான்.
இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை,
என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.